குசினிக்குப் பக்கத்தில் ஒரு கோட்டை

"இனிப் பொறுக்கேலாது. விதானையாரைக் கூட்டிவந்து உந்தக் கொட்டில்காரரைக் குடியெழுப்பித்தான் விடவேணும்" என்றார் இராசநாயகம் மாஸ்டர்.

அவர் மனைவி பராசக்தி குசினி அடுப்படியில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன ஏதெண்டு முதல் அவரைக் கேளுங்கோவன்."

"என்னத்தைக் கேக்கிறது? வெள்ளைக்காரனைக் கேட்டுத்தான் சரித்திரம் எழுதினவையோ?"

வட்டுக்கோட்டையில் மாஸ்டரிடம் படித்த பிள்ளைகளுக்கு ஏகாதிபத்தியம் தண்ணீர் பட்ட பாடு. வெள்ளைக்காரன் ஆசியாவுக்கு ஏன் வந்தான், ஆபிரிக்காவை எப்படிக் கூறு போட்டான், போகும்போது என்ன மிச்சம் வைத்தான் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். இப்போது அந்தப் பாடம் முழுவதும் மாஸ்டரின் சொந்த வீட்டு வளவிலேயே நடந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் வேஷம் முருகேசுவுக்கு. மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவன். ஷெல்லடிக்குத் தப்பி, மனைவி நாகேஸ்வரியோடும் பிள்ளைகளோடும் ஓர் உழவு மெசின் பெட்டி நிறைந்த சாமானோடும் வந்து சேர்ந்தான். வளவின் பின்மூலையில் கொட்டில் போட மாஸ்டர்தான் இடம் கொடுத்தார்.

முதலில் கொட்டில். பிறகு அதோடு சாய்த்து ஒரு பத்தி. பிறகு ஆடு கட்ட ஒரு மறைப்பு. மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"போர்த்துக்கேயனும் உப்பிடித்தான். பண்டசாலை போட ஒரு துண்டு நிலம் கேட்டான். பிறகு பண்டசாலைக்குக் காவல் எண்டு கோட்டை கட்டினான். கடைசியிலை எங்கடை நிலத்துக்கு நாங்களே அவனுக்கு வரி கட்டினம்."

மாஸ்டரின் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பது முருகேசு. முற்றம் கூட்டுவது நாகேஸ்வரி. அதெல்லாம் மாஸ்டரின் சரித்திரத்தில் வராது.

எல்லாவற்றையும் விட முருகேசுவின் பலகைகள்தான் அவர் கண்ணைக் குத்தின. புது வள்ளம் கட்ட வாங்கியவையாம். வீட்டுச் சாமான் பாதியை விட்டுவிட்டு முருகேசு இவற்றை ஏற்றி வந்திருந்தான். கறையான் ஏறாமல் கல்லில் அடுக்கி, பொலித்தீன் போட்டு மூடி வைத்திருந்தான். புத்தகம் அடுக்க ஒன்று தா என்று மாஸ்டர் ஒருநாள் கேட்டும் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ மாஸ்டர். உது கடலுக்குப் போற பலகை. வேறை என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவருடைய நிலத்தில் கிடக்கிற பலகை அவருக்கே இல்லையாம்.

இன்றைக்கு விடிய எழும்பிப் பார்த்தால், முருகேசு குசினிக்குப் பக்கத்தில், மாமரத்தடியில், கயிறு பிடித்து நிலம் வெட்டிக்கொண்டிருக்கிறான்.

"பாத்தியே, அத்திவாரம். மூலையிலை நிண்டவன் குசினி மட்டும் வந்திட்டான். பலகையும் தயாராய்க் கிடக்குது. வீட்டைக் கட்டிப்போட்டு எங்களைக் கொட்டிலுக்குப் போ எண்டுவான்."

"இஞ்சருங்கோ, அவர் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான்..."

"ஓகோ, உடன்படிக்கையும் எழுதியாச்சோ? அரசன் பாராத நேரம் அரசியிட்டைக் கையெழுத்து வாங்கிறதும் அவங்கடை வேலைதான்."

பராசக்தி அரிசிக்குத் திரும்பினாள். மாஸ்டர் பாடம் தொடங்கினால் மணி அடிக்கும்வரை கேட்க வேண்டியதுதான்.

அன்று பருத்தித்துறையில் அவருடைய தங்கைச்சி வீட்டில் விசேஷம். பராசக்திக்கு முழங்கால் வருத்தம், சைக்கிளில் ஏறமாட்டாள். மாஸ்டர் தனியே போய் இரண்டு நாள் நின்றார். திரும்பும்போது நேரே ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் கனகரத்தினத்தின் வீட்டுக்குப் போய், நிவாரணத்துக்கு நின்ற சனத்துக்குள்ளிருந்து மனிசனைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தார்.

வழி நெடுகப் பாடம்.

"அவனுக்குத் தேவைப்பட்டது மூலப்பொருள். சாமான் விக்கச் சந்தை. ஆனால் வாயாலை சொன்னது என்ன? உங்களுக்கு நாகரிகம் படிப்பிக்க வந்தனாங்கள், உங்களைப் பாதுகாக்க வந்தனாங்கள். பெர்லினிலை மேசையைச் சுத்தி இருந்து ஆபிரிக்காவைப் பங்கு போட்டாங்கள். ஒரே சனம் ரண்டு நாட்டுக்காரர் ஆச்சுது. அவங்கள் போயும் அந்தக் கோட்டிலை இண்டைக்கும் அடிபாடு."

"ஓம், ஓம்" என்றார் விதானையார். அவருக்கு எதிர்காற்றுப் பெரும் பாடாக இருந்தது.

"ஆனபடியால் முளையிலேயே எழுப்பிப்போட வேணும்."

வாசல் படலையைத் திறக்கவும் வானம் இரையவும் சரியாக இருந்தது. குண்டு போடும் பொம்மர்.

சைக்கிள்கள் எங்கே விழுந்தன என்று தெரியாது. முருகேசு ஓடிவந்து, ஒரு கையில் மாஸ்டரையும் மறுகையில் விதானையாரையும் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாமரத்தடி மண்மேட்டின் கீழிருந்த பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டான்.

உள்ளே பராசக்தியும் நாகேஸ்வரியும் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

எங்கேயோ தூரத்தில் குண்டு விழுந்தது. மேலேயிருந்து மண் உதிர்ந்தது. மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பங்கரின் கூரை முழுக்கப் புத்தம் புதுப் பலகை.

"உது வள்ளத்துப் பலகையெல்லே?"

"ஓம்" என்றாள் பராசக்தி. "கூரைக்குப் போடப் பனங்குத்தி கிடைக்கேல்லை. இனி உது மண்ணோடை உக்கவேண்டியதுதான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல விட்டனியளே? பருத்தித்துறைக்குப் போக முதல்நாள் பொம்மர் வரேக்கை நீங்கள் அடுத்த வளவுப் பங்கருக்கு ஓடிட்டியள். நான் இந்த முழங்காலோடை குசினி மேசைக்குக் கீழை கிடந்தன். அதைக் கண்டவர் அவர்தான். விடியவே மண்வெட்டியை எடுத்திட்டார். நான் இறங்கவெண்டு படியும் வெட்டிவைச்சிருக்கிறார்."

மாஸ்டர் அந்தப் படியில் கை வைத்தார். வாசலைப் பார்த்தார். முருகேசு வெளியே, மாமர வேரோடு ஒட்டிக் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

"முருகேசு, உள்ளை வா."

"இடம் காணாது மாஸ்டர். எங்கடை வளவு ஆக்களுக்கு அளவாய்த்தான் வெட்டினனான். விதானையார் வருவார் எண்டு எனக்குத் தெரியாது."

முழங்காலில் நாடியைக் குத்திக்கொண்டு குந்தியிருந்த விதானையார் மெல்லக் கேட்டார்:

"மாஸ்டர், ஆரைக் குடியெழுப்பவேணும் எண்டு சொன்னனியள்?"