பிணமாக ஓர் ஒத்திகை

நூம்பல் ஏரிக்கரை ஆலமரத்தடியில், ஒரு கோரைப்பாயின் மேல் செத்துக் கிடக்கிறேன். பட்டணத்துக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போய் ஜனங்களை நாடகம் போடவைக்கிற உத்தியோகத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டவன். நான் வசனம் பேசினால் சோக கட்டத்திலும் ஊர் சிரிக்கிறது. ஆகவே பிணம் வேஷம். மாலை வெயில் மூடிய இமைக்குள் சிவப்பாக நிற்கிறது. பூந்தமல்லி ரோட்டில் பட்டாளத்து லாரி ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. மூக்கின்மேல் ஓர் எறும்பு உலாத்துகிறது. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரி வைக்கிற முனியம்மா தலைமாட்டில் வந்து உட்காருகிறாள், வெற்றிலை வாசனை. "உறவு சொல்லித்தான் அழுவணும் வாத்தியாரே. உங்க ஊட்ல யார் யார் கீறாங்க?" "யாருமில்லை. மெஸ் சாப்பாடு," என்கிறது பிணம். "பொணத்துக்கு வாயப் பாரு," என்று கூட நடிக்கிற உள்ளூர்க் கோதண்டம் சிரிக்கிறான். முனியம்மா சிரிக்கவில்லை. சற்று யோசித்து, தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். "ஆக்கி வெச்ச சோறு ஆறிப்போச்சே, என் கூடப் பொறந்தவனே, அக்கா ஊட்டு வாசலு உன்னப் பாத்துகினு கெடக்குதே..." எனக்கு இல்லாத அக்காளின் குரல் மரத்தைச் சுற்றிவருகிறது. கண்ணோரத்தில் கசிந்தது காதுக்குள் இறங்குகிறது. துடைத்துக்கொள்ளப் பிணத்துக்கு அனுமதியில்லை. பாட்டு நிற்கிறது. "முடிஞ்சிட்ச்சி, எய்ந்திரு வாத்தியாரே," என்கிறான் கோதண்டம். "சரியாக வரவில்லை," என்கிறேன், கண்ணைத் திறக்காமல். "முதலிலிருந்து இன்னொரு தரம்."