ஒன்றரை மணிக் கதை

முதலில் அவளுக்கு யார் யாரென்றே பிடிபடவில்லை.

எல்லோரும் பட்டுச்சேலை கட்டியிருந்தார்கள். சமையலறையிலும் பட்டு. ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தவள் முகத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நேராக என்று திருப்பித் திருப்பிக் காட்டினார்கள்.

கர்மம். இந்தச் சீரியலைத்தான் ஊரே உட்கார்ந்து பார்க்கிறதா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள் அவள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு இந்த வீட்டு ஹால் எப்படி இருக்கும் என்று கல்யாணமான நாளிலிருந்து தெரியாது. இப்போது தெரிகிறது. வயிற்றில் இருந்தது மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. ஒரு மாதம் வீட்டில் இரு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

படுக்கையறையில் வெயில் அப்படியே இறங்குகிறது. ஏர்கூலர் இருப்பது ஹாலில்.

ஹாலில் இருப்பது அத்தை.

அத்தையோடு பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் அத்தை சொன்னாள்: "வண்டியில போகாத, போகாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

அவள் தூங்குகிறாள் என்று நினைத்துச் சொன்னது.

அவள் தூங்கவில்லை.

அன்றோடு சரி. சாப்பாடு மேஜைக்கு வரும், வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போவதென்று கணவன் மோகனசுந்தரத்திடம் பேசி முடித்தாகிவிட்டது. அம்மா காதுக்கு இன்னும் போகவில்லை என்று அவன் சொன்னான். அவளும் நம்பினாள்.

மனஸ்தாபம் வந்தால் இந்த வீட்டில் ஆளைப் பார்த்துப் பேச மாட்டார்கள். பூனையைப் பார்த்துப் பேசுவார்கள். குக்கரைப் பார்த்துப் பேசுவார்கள். விழ வேண்டியவர் காதில் அது விழுந்துவிடும். ஜாடை பேசுவது என்றால் அத்தைக்குத் தண்ணி பட்ட பாடு.

அதனால் அத்தை டி.வி.யைப் பார்த்து வாயைத் திறந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். குத்தல்தானே, வரட்டும்.

"இவதான் மருமக. வேலைக்குப் போறவ. கெட்டிக்காரி."

அட, கதை சொல்கிறாள்!

அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாளும் அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இவளோட மாமியாக்காரிக்கு நாக்கு நீளம். புள்ள ஒடம்பு முடியாமக் கெடக்கறப்ப ஒரு வார்த்த சொல்லிப்போட்டா."

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தக் கதையிலுமா? சீரியல் எடுக்கிறவர்களுக்கு வேறு சங்கதியே கிடைக்காதா?

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அந்த மாமியாரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அவள் அழுவதைப் பார்க்க வேண்டும். நன்றாக அழ வேண்டும்.

அதற்காகவே தினமும் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்து சோபாவின் அந்தக் கடைசியில் உட்கார்ந்தாள். பட்டுச்சேலைகள் பழகிவிட்டன. சிரிக்கிறவள் நாத்தனார். அழுகிறவள்தான் மருமகள். சொத்தில் ஏதோ வில்லங்கம். மாமியாரை மட்டும் காணோம்.

அத்தையிடம் கேட்க முடியாது. அவளும் டி.வி.யிடம் கேட்டாள்.

"அந்த மாமியார் எங்க, ஆளையே காட்ட மாட்டேங்கறாங்க?"

"வருவா, வருவா. எங்க போயிருவா?" என்றாள் அத்தை. "சொன்னதுலேர்ந்து சோறு எறங்கலையாமா அவளுக்கு."

நன்றாக வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. சீரியலில் விளக்கு பூஜை. மருமகள் தட்டை ஏந்திக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். மாலை போட்ட படம். பொட்டு வைத்த ஒரு வயதான அம்மாளின் முகம்.

"உங்களை நான் பார்த்ததே இல்லை, அத்தை," என்று மருமகள் படத்திடம் சொன்னாள். "நான் இந்த வீட்டில் காலெடுத்து வைக்கும் முன்னாடியே போயிட்டீங்க. நீங்க மட்டும் இருந்திருந்தா..."

கற்பூரம் எரிந்தது. இசை பொங்கியது.

அப்படியானால் சோறு இறங்காதவள் யார்?

பிறகு, ஆஸ்பத்திரிக்கு அப்புறம் முதல் தடவையாக, சோபாவின் மறுகோடியைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை மெலிந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

விளம்பரம் போட்டுவிட்டார்கள். யாரோ ஒரு பையன் சட்டைக் காலரில் சேறு. அதைப் பார்த்துக்கொண்டே அத்தை சொன்னாள்.

"அந்த மருமக தனியாப் போயிருவாளாட்ட இருக்குது."

அவளும் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போகட்டும். அவ பேர்ல தப்பில்ல. வவுத்துல இருந்தது மாமியாக்காரிக்கும் பேரப்புள்ளதானே. அந்த ஆத்தாமையில ஒளறிப்போட்டா. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல அவளுக்கு."

சேறு போய்விட்டது. பையன் சிரித்தான். சீரியல் மறுபடி ஆரம்பித்தது.

ரிமோட் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

அவள் அதை எடுத்து டி.வி.யை அணைத்தாள்.

ஹாலில் ஏர்கூலர் சத்தம் மட்டும் இருந்தது. பேசுவதற்கு அத்தைக்கு எதிரே பூனைகூட இல்லை. கறுத்துப்போன திரையையே பார்த்தபடி, அத்தை மடியில் ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாமியார் அப்புறம் என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டாள் அவள். "சொல்லுங்க அத்தை."

அத்தை மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள்.