வியன்னாவுக்கு ஒரே ஒரு இடம்

“பயந்தாங்கொள்ளி!” என்றாள் ஃபெமினா. “பதினோரு மணிக்கு இன்டர்வியூ. பதினொண்ணேகாலுக்கு ‘ஸாரி மேடம், நான் வரலை’ன்னு மெசேஜ். வீடு தேடி வந்த சீதேவியை எட்டி உதைக்கிறதுன்னா இதுதான்.”

எதிரே உட்கார்ந்திருந்த வைஷ்ணவி ஃபிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றினாள்.

இருவரும் இதே திருச்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். வைஷ்ணவி இங்கேயே பேராசிரியை ஆகிவிட்டாள். ஃபெமினாவோ வியன்னாவில், அணு ஆயுதம் நாட்டுக்கு நாடு பரவாமல் தடுக்கப் பாடுபடும் ஒரு ஆய்வு மையத்தில் பெரிய அதிகாரி. எந்த நாடு எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர்.

ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு மாணவியைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தாள். இருப்பது ஒரே இடம். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். பிரான்சி வந்துவிட்டுப் போனாள். யாழினி வரவே இல்லை.

“யாழினி எழுதின கட்டுரையைப் படிச்சியா வைஷு? எங்க ஆபீஸ்ல பத்து வருஷம் இருக்கிறவங்களுக்கே அப்படி எழுத வராது. அவளைத்தான் எடுக்கிறதா இருந்தேன்.”

“பிரான்சியும் நன்னா படிக்கிற பொண்ணுதான்.”

“யார் இல்லைன்னா? ஆனா யாழினி அளவுக்கு வராது. காலைல மேடையில நான் அவ்வளவு சொன்னேனே, அவ காதுல ஏறவே இல்ல பாரு!”

மேடையில் சொன்னது ஒரு பழைய கதை. பெயர் சொல்லாமல்தான் சொன்னாள். முதல் வரிசையில் இருந்த வைஷ்ணவியும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்து, டீக்கடை முதல் ஸ்டாஃப் ரூம் வரை அதே பேச்சாக இருந்த கோடை. ஆயுதக் கட்டுப்பாடு பற்றி வெளிநாட்டில் போய்ப் படிக்க ஒரு ஃபெலோஷிப் என்று பேப்பரில் துளியூண்டு விளம்பரம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப்பிங் சென்டரில் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து விண்ணப்பம் அடித்தார்கள். ஒரு கரும்பு ஜூஸை இரண்டு டம்ளரில் பிரித்துக் குடித்தார்கள். வெளிநாட்டுக் குளிரில் பால் தயிராகத் தோயுமா என்பதுதான் வைஷ்ணவியின் ஒரே கவலை. என்ன நாட்கள் அவை! நினைத்தால் ஃபெமினாவுக்கு இப்போதும் இனிக்கும், கூடவே கொஞ்சம் வலிக்கும்.

சென்னையில் மத்தியானம் நேர்முகத் தேர்வு. இருவருக்கும் கடிதம் வந்திருந்தது. காலைப் பல்லவனில் ஜங்ஷனில் ஏறிய ஃபெமினா, பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டுப் பிடித்து வைத்தாள். ஸ்ரீரங்கத்தில் வைஷ்ணவி ஏற வேண்டும்.

ரயில் நின்றது. கதவில் தொங்கிக்கொண்டு “வைஷு! வைஷு!” என்று தொண்டை வறளக் கத்தினாள். வைஷு வரவில்லை. கொள்ளிடம் பாலம் வந்தபோது ஒரு பெரியவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“பயமா இருந்தது, அதான் வரலை” என்றாள் வைஷ்ணவி பிற்பாடு. அந்த ஒற்றை வரியை இத்தனை வருஷமாக ஊர் ஊராகச் சொல்லி, பெண் பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டிக்கொண்டிருந்தாள் ஃபெமினா.

இப்போது ஃபெமினா தேர்வு ஃபாரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

“வராததுக்குக் காரணம் எழுதணும். ‘மன உறுதி இல்லாதவர்’னு எழுதப்போறேன்.”

“அப்படி எழுதினா என்னாகும்?”

“பேரையே அடிச்சுடுவாங்க. இனிமே எந்த வருஷமும் அவ எங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது.”

வைஷ்ணவி சட்டென்று ஃபாரத்தின் மேல் கையை வைத்தாள். “வேண்டாம் ஃபெமி. அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷமாவது ஒரு வாய்ப்பு இருக்கட்டும்.”

“உனக்கு இரக்கம் வராம இருக்குமா? பாம்பின் கால் பாம்பறியும்!”

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. ஃபெமினா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஸாரிடி. வாய் தவறி வந்துடுச்சு.”

வைஷ்ணவி கோபித்துக்கொள்ளவில்லை. கையையும் எடுக்கவில்லை.

“பிரான்சியோட அப்பா தவறி ரெண்டு மாசம்தான் ஆறது. சித்தப்பாக்கள் சேர்ந்து அவசர அவசரமா மாப்பிள்ளை பார்த்துட்டா. இந்த வியன்னா இடம் கிடைச்சாத்தான் அந்தக் கல்யாணம் நிக்கும். யாழினி, பிரான்சியோட ஹாஸ்டல் ரூம்மேட்.”

“அதனால இவ விட்டுக் கொடுத்துட்டாளா? யாழினி உன்கிட்ட சொன்னாளா?”

“ஒரு வார்த்தை சொல்லலை. ‘பயமா இருக்கு மேடம்’னுதான் சொன்னா.”

“அப்புறம் அது பயம் இல்லைன்னு உனக்கு எப்படிடி தெரியும்?”

வைஷ்ணவி காபியைத் தள்ளி வைத்தாள்.

“அன்னிக்கு நானும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன்டி. நீ கத்திண்டே போறச்சே, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னுண்டு பார்த்துண்டுதான் இருந்தேன். இடம் ஒண்ணுதானே ஃபெமி... உங்கப்பா போய் அப்போ நாற்பது நாள்கூட ஆகலை.”