மூன்று விரல் சந்தனம்

வேலாத்தாள் கொட்டகைக்குள் கால் வைத்தபோது, மில்லிங் மெஷினில் ஒட்டியிருந்த கடைசிப் பெயிண்டையும் ஆறுச்சாமி சுரண்டி முடித்திருந்தார்.

மெஷின் வாசலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. “போனவன் பொழங்குன மெஷின எதுக்குங்க ஊட்டுக்குக் கொண்டாந்தீங்க” என்று அன்றைக்குக் கேட்டதோடு சரி.

செல்வக்குமார் அவர்களுக்கு ஒரே மகன். சாமளாபுரத்துப் பட்டறையில் இந்த மெஷினில்தான் தறிக்குப் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருந்தான். போன வருஷம் பல்லடம் ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுப் போய்விட்டான்.

அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்ததாம், அதற்கு இங்கே ஆர்டர் நின்று பட்டறையை மூடினார்கள். மெஷின் பழைய இரும்பு எடைக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஆறுச்சாமி ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களிடம், வீட்டிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் செய்து பிழைக்கப் போகிறேன் என்றார். பனியன் கம்பெனி ஃபிட்டருக்கு மில்லிங் ஓட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது.

வந்தபோது அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, பழைய பெயிண்ட் மேலேயே புதுப் பெயிண்டை அப்பி வைத்திருந்தார்கள். மேலே பச்சை, அதற்கடியில் சாம்பல், அதற்கும் அடியில் வானநீலம்.

சுவரை ஒட்டியிருந்த இடது பக்கம்தான் படாத பாடு படுத்தியது. மூன்று கோடு, அடுத்தடுத்து, எத்தனை பெயிண்ட் ஏறியும் மறையாமல் பள்ளமாகத் தெரிந்தது. சுரண்டினால் அடியில் மஞ்சளாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. எவனோ புத்தி கெட்டவன் கிழித்து வைத்துவிட்டு, பள்ளத்தை அடைக்கிற மஞ்சள் பட்டியை அப்பி மறைத்திருக்கிறான் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அந்த இடத்தைத் தேய்த்தார். எமரித் தாள் போட்டு வழவழவென்று ஆக்கிய பிறகுதான் மனசு ஆறியது. மகனுக்குக் கடைசியாக ஒன்று செய்து முடித்த மாதிரி இருந்தது.

வேலாத்தாளின் உள்ளங்கையில் ஒரு நீலப் பெயிண்ட் செதில் இருந்தது. காற்றில் பறந்துபோய்த் துணி துவைக்கும் கல்லருகே கிடந்திருக்கிறது.

“ஏனுங்க, நம்ம பையன் சந்தனம் வெச்ச எடம் எதுங்க?”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவளே சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த வருஷம் இந்த நீலத்தை அடித்தவன் அவன்தானாம். பெயிண்ட் காய்வதற்குள் பூஜைக்கு நேரமாகிவிட்டது. எல்லாரும் அவரவர் மெஷினுக்குச் சந்தனம் பூச, இவனும் அவசரத்தில் ஈரத்தின் மேலேயே மூன்று விரலால் பட்டை இழுத்துவிட்டான். விரல் அப்படியே பதிந்துபோனது. வீட்டுக்கு வந்து நீலக் கையை நீட்டிக்கொண்டு நின்றவனுக்கு இவள்தான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லிவிடாதே, ஃபிட்டர் மகனுக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார் என்றானாம்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

பட்டி இல்லை, சந்தனம். ஆறுச்சாமி தன் கையாலேயே அதைத் தேய்த்துத் தள்ளியிருக்கிறார்.

“அது செவுத்துப் பக்கம் இருக்குது புள்ள. இன்னும் அங்க சொரண்டல. நாளைக்குக் காட்டறன்” என்றார்.

அவள் நம்பினாள். செதிலை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவள் மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குக் கிளம்பியதும், இவர் பெயிண்ட் கடைக்கு ஓடினார். வந்த வேகத்தில் இடது பக்கம் வானநீலத்தைக் கெட்டியாக அடித்தார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனத்தை எடுத்துக் குழைத்தார்.

கோடுகள் சற்றே சாய்ந்திருந்தது நினைவிருந்தது. அதே சாய்வில் மூன்று விரலையும் வைத்து இழுத்தார்.

அன்றைக்கென்று பார்த்து ரேஷன் கடையில் கூட்டமே இல்லை.

கேனும் கையுமாக வேலாத்தாள் நேரே கொட்டகைக்கு வந்தாள். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் மூன்று விரலை அதன்மேல் மெல்ல வைத்தாள்.

எடுத்தபோது விரல்நுனி நீலமாக இருந்தது.

பொய் வெளிப்பட்டதுகூட ஆறுச்சாமிக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த இடம் இனிமேல் எங்கேயும் கிடையாது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டதே என்றுதான் நினைத்தார்.

அவள் கேனின் மூடியைத் திருகி, முந்தானை நுனியை நனைத்தாள்.

“கையைக் காட்டுங்க.”

நீட்டினார்.

தன் விரலைத் துடைத்துக்கொள்ளாமல், அவருடைய மூன்று விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, நகக்கண்ணில் இருந்த நீலமும் போகும்வரை துடைத்துவிட்டாள்.