இரண்டும் இடது கை

“ரெண்டு கையையும் இடது கைக்கே வெட்டியிருக்கீங்க.”

டிரைவரின் மனைவி சொன்னது அவ்வளவுதான். கல்யாண நாள் பரிசாக அவர் தைத்துக் கொடுத்த டாப்ஸை விரித்துப் பார்த்து, புரட்டிப் பார்த்து, தையலை நகத்தால் நெருடியும் பார்த்தாள்.

டிரைவருக்கு முகம் தொங்கிப் போயிற்று.

பஸ் ஓட்டுகிற கை அது. ஊசியில் நூல் கோப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. காலை ஷிப்ட் முடிந்து வந்து, அவள் தன் தையல் கடையிலிருந்து திரும்புவதற்குள், வீட்டில் சும்மா கிடந்த பழைய மிஷினில் திருட்டுத்தனமாகப் பழகினார். அவளுடைய பழைய டாப்ஸ் ஒன்றைப் புதுத் துணி மேல் பரப்பி, சுற்றி வரைந்து வெட்டினார். தையலுக்கென்று கொஞ்சம் இடம் விட்டு வெட்ட வேண்டும் என்பது வெட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. உடம்புக்குப் போதாமல் போகுமே என்று, இரண்டு பக்கமும் தன் பழைய சட்டையைக் கிழித்து ஒட்டுக் கொடுத்தார்.

“பிடிக்கலைன்னா விட்டுடும்மா. தலகாணி உறையாவது தைச்சுக்கலாம்” என்றார்.

அவள் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

தெருவுக்கே அவள் ‘டெய்லரக்கா’. தையல் என்று வந்துவிட்டால் தயவு தாட்சண்யம் கிடையாது. சொந்தத் தங்கை ஆசையாகத் தைத்துப் போட்டு வந்த சட்டையை, நாலு பேர் முன்னால் கழற்றச் சொல்லிப் பிரித்துப் போட்டவள். ‘அவகிட்டப் போய் நல்ல பேரு எதிர்பார்த்தேனே, என்னைச் சொல்லணும்’ என்று டிரைவர் தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பியவளைப் பார்த்து அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே டாப்ஸ்!

இடது கை ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. வலது கை முறுக்கிக்கொண்டு முதுகைப் பார்த்தது.

“ஐயையோ! இதையா போட்டுட்டுக் கடைக்குப் போறே?”

“ஏன், எனக்குத்தானே தைச்சீங்க?”

“வீட்டோட போட்டுக்கோ. வர்றவங்க பார்த்தா உன் தொழில் என்னத்துக்கு ஆகும்?”

“எதைப் போடணும்னு எனக்குத் தெரியும். கடைச் சாவி எங்கே?”

அன்று அவருக்கு வார விடுமுறை. மனசு கேட்காமல் கூடவே போனார். கடையின் உள்தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, தைத்து முடித்த துணிகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வந்தார். ஆண்டு விழா நாடகத்தில் நடிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டையும் தொப்பியும் தைக்க வேண்டுமாம். டெய்லரக்கா ரொம்ப நாளாகக் காத்திருந்த பெரிய ஆர்டர்.

“துணியெல்லாம் ஆட்டோவுலயே...” என்று ஆரம்பித்த டீச்சரின் பேச்சு பாதியில் நின்றது. “நீங்க போட்டிருக்கீங்களே, இது எங்க தைச்சது?”

“ஏன் டீச்சர்?”

“தப்பா நினைக்காதீங்க. உடம்பு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. எந்தக் கூமுட்டை தைச்சது இதை?”

தடுப்புக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. டிரைவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ‘என் பேரைச் சொல்லிடு தாயே, ஆர்டர் போயிடப் போகுது’ என்று மனசுக்குள் கெஞ்சினார். தானே வெளியே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தும் விட்டார்.

அதற்குள் அவள் குரல் கேட்டது.

“நான் தைச்சதுதான் டீச்சர்.”

“நீங்களா!”

“ஆமா. கொஞ்சம் கை தவறிடுச்சு.”

டீச்சர் தர்மசங்கடமாகச் சிரித்தார். “அப்போ ஒண்ணு பண்ணுங்க. தொப்பி மட்டும் தைச்சுக் கொடுங்க. சட்டைக்கு வேற இடம் பார்த்துக்கறேன்” என்று, தொப்பித் துணியை மட்டும் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

டிரைவர் பாய்ந்து வெளியே வந்தார்.

“உனக்கென்ன பைத்தியமா? ஊசி நுனி அளவு தப்பினாலே ஒத்துக்க மாட்டே, இந்தக் கண்ணராவியைப் போய் நீ தைச்சேன்னு சொல்றியே! ‘என் வீட்டுக்காரரு தைச்சாரு’ன்னு சொல்லியிருந்தா, சிரிச்சுட்டு மொத்தத் துணியையும் கொடுத்திருப்பாங்க இல்ல?”

“கொடுத்திருப்பாங்க” என்றாள் அவள், முறுக்கிக்கொண்ட கையை முன்னால் இழுத்துவிட்டபடி. “அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு நீங்க இன்னொரு தடவை ஊசியைத் தொடுவீங்களா? அப்புறம் எனக்கு அடுத்த டாப்ஸை யாருங்க தைச்சுக் கொடுப்பாங்க?”