ஒரு பிடி தவிடு

சர்க்கரை பார்க்கும் கருவியில் நூற்று நான்கு என்று வந்தது. அருணாதேவி கூண்டின் அட்டையை மறுபடி பார்த்தாள்.

சிவப்பு அட்டை மாட்டிய பதினேழாம் கூண்டு ஹாம்ஸ்டர் எலிக்குப் போன மாதம் சர்க்கரை முந்நூற்றுத் தொண்ணூறு. ஒரு மருந்தும் கொடுக்காமல் இப்படி இறங்கவே இறங்காது.

சிவப்பு என்றால் சர்க்கரை நோய் உள்ளது. பச்சை என்றால் இல்லாதது. யாரும் ஊசி போட்டு வரவழைத்த நோய் இல்லை, தானாக வந்தது. எந்தக் கூட்டம் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவதுதான் அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சி. சிவப்பில் மற்றதெல்லாம் போய்விட்டது. மிச்சம் இந்தப் பதினேழுதான். அது சாகும் நாளைக் குறித்துவிட்டால் ஆய்வேடு முடிந்தது.

தினமும் பேராசிரியர் ராஜமாணிக்கம் உள்ளே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "போச்சா?" என்பதுதான்.

பத்து மணிக்கு வந்துவிடுவார். இப்போது ஒன்பது ஐம்பது.

இந்தக் கேள்வியை நினைத்த பதற்றத்தில் காலையில் வேங்கிக்கால் வீட்டில் இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தாள். "யார் வீட்டுப் பொண்ணோ, சாப்டாம ஓடுது" என்று அம்மா முனகினாள். ஒரு மாதமாகவே அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தபோது எரிந்து விழுந்தாளே, அந்தக் கோபமாக இருக்கும்.

லேப் கருவிதான் கோளாறோ என்று கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். நூற்று ஆறு.

அப்போதுதான் கூண்டின் மூலையில், மரத்தூளுக்கு அடியில் தவிடு கண்ணில் பட்டது. ஒரு பிடி இருக்கும். எடை போட்ட தீவனத்தைத் தவிர வேறெதுவும் இந்த அறைக்குள் வரக்கூடாது.

பக்கத்துக் கூண்டைத் திறந்தாள். பச்சை அட்டை, இருபத்து நான்கு. அதனிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள்.

முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். காதில் எண் குத்தலாம் என்று சார் சொன்னபோது, பாவம் சார், தனித்தனிக் கூண்டுதானே, அட்டை போதும் என்று வாதாடியவளே இவள்தான். நன்றாக வேண்டும் இவளுக்கு.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் மண்ணாங்கட்டி துடைப்பத்தோடு கதவோரம் நின்றிருந்தார்.

"என்னண்ணா பண்ணி வச்சிருக்கீங்க?" கத்தியே விட்டாள்.

அவர் மறைக்கவில்லை. போன பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராமல் இவள் லீவு போட்டாளே, அன்றுதான். பதினேழின் வீட்டில் ஒரு பிடி தவிட்டை வைத்து, அதை விலைக்கு வாங்கிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார். பதிலுக்கு அந்த வீட்டுக்காரனை இங்கே.

அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தொட்டிலோடு போனதாம். நான்காவதாக வந்த அவரை அவருடைய அம்மா எதிர்வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு விற்றாளாம். எமன் சீண்டாதபடி இந்தப் பெயரையும் வைத்தாளாம். தேடி வருகிறவன், இந்த வீட்டில் அப்படியொரு பிள்ளை இல்லை என்று திரும்பிவிடுவானாம். அறுபது வயதாகிறது, இன்னும் வரவில்லை.

வெளியே கார் வந்து நின்றது.

இரண்டையும் பழையபடி மாற்றித் தவிட்டைத் தட்டிவிட ஒரு நிமிடம் போதும். யாருக்கும் தெரியாது. ஒரு மாதக் குறிப்பு முழுக்கப் பொய், அதுவும் யாருக்கும் தெரியாது. கூண்டில் கை வைத்தாள். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. நெற்றியில் வேர்வை வழிந்தது.

வழக்கமாக 'மேடம்' என்று கூப்பிடும் மண்ணாங்கட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மொதல்ல உக்காந்து ஒரு மிட்டாய வாய்ல போடுமா. இன்சுலின போட்டுக்கினு சாப்டாம வந்துட்டியா?"

உட்கார்ந்தாள். பத்தொன்பது வயதில் அவளுக்கும் அது தானாகத்தான் வந்தது.

மிட்டாய் கரையக் கரைய நடுக்கம் கம்மியானது. மண்ணாங்கட்டி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கோச்சிக்காதமா. அடுத்த நாளே உங்க வூட்டுக்குப் போய் உங்கம்மா கையிலயும் ஒரு படி தவிடு குடுத்தேன். அழுதுக்கினே வாங்கிக்கினாங்க."

அம்மா 'யார் வீட்டுப் பொண்ணோ' என்றது கோபத்தில் இல்லை.

நோட்டை எடுத்தாள். பதினேழுக்கு நேராக, சாகும் தேதி எழுத விட்டிருந்த இடத்தில், 'கூண்டு மாறிவிட்டது, ஆய்வில் சேராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கதவு திறந்தது.

"போச்சா?"

"இல்ல சார்," என்றாள் அருணாதேவி. "அது இப்ப வேற வீட்டுப் புள்ள."