இறங்கும் பாடம்

"ஏறறதெல்லாம் வேண்டாமுங்க அக்கா. சத்தமில்லாம எறங்கறது மட்டும் சொல்லிக் குடுங்க."

வகுப்பில் சேர்ந்த அன்றே பிரவீனா இப்படிக் கேட்டபோது வசுந்தரா சிரித்துவிட்டாள். "அதுக்கு எதுக்கு அம்மணி இங்க வாரீங்க?" என்றாள். "ஒடம்பு எளைக்கோணும்னு ஊட்டுல அனுப்பிச்சாங்க" என்று முணுமுணுத்துவிட்டு பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடி அது. தரைக்கும் கூரைக்கும் நடுவே நட்ட எஃகுக் கம்பத்தில் ஏறி, சுழன்று, ஆடி உடம்பை இறுக்கும் வகுப்பு. கனடாவில் அக்கா வீட்டில் இருந்தபோது வசுந்தரா கற்றுக்கொண்டு வந்தாள். கேட்பவர்களிடம் 'லேடீஸ் எக்சர்சைஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பெண்கள் அரை டவுசரோடு கம்பத்தில் தொங்குகிறார்கள் என்று தெரிந்தால், அந்தத் தொண்ணூற்றொன்பதில் கோயமுத்தூர் சும்மா விட்டிருக்குமா என்ன?

மற்ற பெண்கள் கையில் பவுடரைப் பூசிக்கொண்டு, தொடையில் கன்றிப்போன இடத்தை ஒருத்திக்கொருத்தி காட்டிக் கிண்டலடித்தபடி ஏறுவார்கள். பிரவீனா யாரோடும் ஒட்டமாட்டாள். ஏணி வைத்து உச்சிக்குப் போய், முழங்காலால் கம்பத்தைக் கவ்வி, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறங்குவாள். திரும்ப ஏணி, திரும்ப இறக்கம்.

ஒருநாள், "லைட்ட அணைச்சுப்போட்டு எறங்கிப் பாக்கட்டுங்களா?" என்றாள். அடுத்த வாரம், கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மணல் பையைத் துப்பட்டாவால் முதுகில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இதென்ன கண்ணு கூத்து?"

"கனத்தோட எறங்கிப் பழகோணுமுங்க அக்கா. பை எதுலயும் இடிச்சுறக் கூடாது."

வசுந்தராவுக்குச் சட்டென்று பேப்பர் சேதி ஞாபகம் வந்தது. அந்த மாதம் பேப்பரைத் திறந்தாலே அதே சேதிதான். பெரிய பெரிய பங்களாக்களில் நகையையும் வெள்ளியையும் மூட்டை கட்டிக்கொண்டு, மாடி பைப்பைப் பிடித்து இறங்கிப் போய்விடுகிறார்களாம். ஆள் இன்னும் சிக்கவில்லை.

பிரவீனா இருட்டில் பூனைபோல் இறங்கினாள். தரைக்கு வந்த பிறகும் பையை அவிழ்க்காமல், நின்ற இடத்திலேயே உடம்பை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிக்கொண்டு, கையைப் பின்னால் விட்டு அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்குக் கிறுக்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று வசுந்தரா நினைத்தாள்.

ஜன்னல் திரையை லேசாக விலக்கிப் பார்த்தாள். கீழே வேப்பமரத்தடியில் அதே வெள்ளை வேன். தினமும் பிரவீனாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடிகிறவரை மாடியையே முறைத்துக்கொண்டு நிற்கிற தடியன் அன்றும் நின்றான். கூட்டாளி! சந்தேகமே இல்லை.

"நீங்க எந்த ஊரு அம்மணி?" என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"இங்கதானுங்க பக்கத்துல. ஆனா இன்னும் கொஞ்ச நாள்ல சென்னிமலை போயிருவேனுங்க. கூடப் படிச்சவ ஒருத்தி அங்க தறி போட்டிருக்கறா, மலையடிவாரத்துல. அங்க போயிட்டா ஒருத்தருக்கும் தெரியாது..." சொன்னவள் சட்டென்று வசுந்தராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இதை யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

வசுந்தரா தன் கையை உருவிக்கொண்டாள்.

பாம்புக்குப் பால் வார்த்த கதையாகிவிட்டதே! திருடி பிடிபட்டால், எங்கே பழகினாய் என்று கேட்க மாட்டார்களா? போலீஸ் இந்த மாடி ஏறினால் வகுப்பும் போச்சு, குடும்ப மானமும் போச்சு. அவர்களாக வருவதற்குள் நாமே சொல்லிவிடுவதுதான் புத்தி என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். விவரமாகச் சொல்லப் பயமாக இருந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் மேல் சந்தேகம் என்று மட்டும் சொன்னாள். "ஆளை அனுப்பறோம்மா" என்றார்கள்.

மறுநாள் பிரவீனா வரவில்லை. வேனும் வரவில்லை.

அதற்கு மறுநாள் காலை, ஒட்ட வெட்டிய முடியும் முறுக்கிய மீசையுமாக ஒருவர் மாடி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"ஏனுங்க, பிரவீனா இங்கதானுங்களே வந்துட்டு இருந்தா?"

மஃப்டியில் வந்திருக்கிறார்! வசுந்தராவுக்கு அப்பாடா என்றிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எனக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க சார்" என்று ஆரம்பித்து, ஏணி, இருட்டு, மணல் பை என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். அவர் கம்பத்தின் அருகே போய் அதை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ரொம்ப உபகாரமுங்க. எங்க போயிருப்பான்னு ஏதாச்சும் தெரியுங்களா?"

சொல்லிப்போடாதீங்க என்ற குரல் ஒரு கணம் காதில் கேட்டது. திருடிக்கு என்ன வாக்கு வேண்டிக்கிடக்கிறது?

"சென்னிமலைங்க சார். கூடப் படிச்ச பொண்ணு ஊடாமா. மலையடிவாரத்துல தறி போட்டிருக்கறவங்க."

அவர் பெரிய கும்பிடாகப் போட்டார். பாரம் இறங்கிய தெம்பில் வசுந்தரா படிக்கட்டுவரை கூடவே வந்தாள்.

"நெறையாத் திருட்டுப் போயிருச்சுங்களா சார்?"

செருப்பை மாட்டிக்கொண்டே அவர் நிதானமாகச் சொன்னார்.

"வெளிய நான் பூட்டுன பூட்டு பூட்டுனபடியே இருக்குதுங்க, என்ர பொண்டாட்டியையும் கொழந்தையையுந்தானுங்க காணோம்."